வெள்ளி நானோ துகள்களுக்கு எதிராகப் பாக்டீரியாக்களால் எதிர்ப்புத் திறன் பெறவே முடியாதா?

கேள்வி: முதுகலை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிரியல் முதுகலை இறுதியாண்டு ஆய்வுக்கான முன்மொழிவை எழுதிக்கொண்டிருக்கிறேன். பல மருந்துகளுக்கு ஒருசேர எதிர்ப்புக் காட்டும் பாக்டீரியாக்கள் மீது வெள்ளி நானோ துகள்கள் எவ்வாறு செயல்படுகின்றன என்பதே தலைப்பு. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாக்கள் நேரடிக் காரணமாக அமைந்த இறப்புகள் உலக அளவில் ஏறத்தாழ 12.7 இலட்சம் என்று 2022இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. எனவே தலைப்பின் தேவை குறித்து எனக்கு ஐயமில்லை.

ஐயம் வேறிடத்தில் எழுகிறது. நான் படித்த மீளாய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றின் முன்னுரையில் ஒரே வாக்கியம் சற்றே மாறிய வடிவங்களில் வருகிறது: நானோ துகள்கள் செல்லின் பல பகுதிகளை ஒரே நேரத்தில் தாக்குவதால் பாக்டீரியாக்களால் அவற்றுக்கு எதிர்ப்புத் திறன் பெற இயலாது என்பதே அது. இது சோதனை வழியாக நிறுவப்பட்டதா, அல்லது ஒருவர் எழுதியதைப் பிறர் வழிமொழிந்ததா? உண்மை என்றால், இத்தனை ஆண்டுகளாகியும் ஒரு வெள்ளித் துகள்கூட ஊசி வழியே செலுத்தும் மருந்தாக ஏன் வரவில்லை? தாவர இலைச் சாற்றைக் கொண்டு துகள்களைத் தயாரித்து, அகார் தட்டில் தடுப்பு வளையத்தை (பாக்டீரியா வளராத வட்டப் பகுதியை) அளந்தால் போதும் என்று வழிகாட்டி கூறுகிறார். அது போதுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: வேதிக்கூடம்

முதல் கேள்விக்கு நேரடியான விடை, அந்த வாக்கியம் தவறு என்பதே. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள, துகள் உண்மையில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

துகள் செல்லுக்குள் புகுந்து எல்லாவற்றையும் சிதைக்கிறது என்ற சித்திரம் கட்டுரைகளின் படங்களில் அழகாக இருக்கும். ஆனால் கிராம் எதிர்ப் பாக்டீரியாவின், அதாவது மெல்லிய செல் சுவருக்கு வெளியே கூடுதல் சவ்வு கொண்ட வகையின், வெளிச் சவ்வில் உள்ள போரின் என்னும் புரதத் துளைகள் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அகலமே கொண்டவை. சுமார் 600 டால்டனுக்கு (மூலக்கூறு நிறையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளே அவற்றின் வழியாக எளிதில் செல்வதில்லை. அப்படியிருக்க, 10 அல்லது 20 நானோமீட்டர் விட்டமுள்ள துகள் அந்த வழியே நுழைவதற்கு வாய்ப்பில்லை. சவ்வு முன்னரே சிதைந்திருந்தால் மட்டுமே உள்ளே செல்ல இயலும். ஆகவே செல்லுக்குள் துகள் காணப்படும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களைப் பார்க்கும்போது, அது இறப்பின் காரணமா விளைவா என்று கேட்டுப் பழகுங்கள்.

உள்ளே செல்வது பெரும்பாலும் வெள்ளி அயனி. துகளின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது அயனிகள் கரைந்து வெளியேறுகின்றன. துகள் சிறிதாக இருந்தால் அதே நிறைக்கு மேற்பரப்பு மிகுதி, கரைவதும் விரைவு. 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதை மிகத் தெளிவாகக் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத சூழலில், அதாவது அயனி வெளியேற வழியில்லாத நிலையில், ஈ. கோலை பாக்டீரியாக்களைத் துகள்களுடன் வைத்தபோது, அயனியின் கொல்லும் செறிவைவிடப் பல ஆயிரம் மடங்கு மிகுதியான வெள்ளி இருந்தும் அவை சாகவில்லை. காற்றுபட்ட துகள்களோ கொன்றன. வெளியேறிய அயனி புரதங்களில் உள்ள, கந்தகமும் ஹைட்ரஜனும் கொண்ட தயோல் தொகுதிகளுடன் பிணைகிறது. சுவாசச் சங்கிலியின் நொதிகள் முடங்குகின்றன. வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. சவ்வு கசியத் தொடங்குகிறது. துகளுக்கென்று தனிப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே அயனியைச் செறிவாக வெளியிடும் கிடங்காக அது செயல்படுகிறது. ஆயினும் கொல்லும் வேலையைச் செய்வது அயனிதான்.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வருவோம். தாக்கப்படும் இடங்கள் பல என்பது சரி. ஆனால் அத்தனை இடங்களையும் சென்றடையும் பொருள் ஒன்றே. அந்த அயனியை உள்ளே வரும் வழியில் பிடித்துக்கொண்டாலோ, வந்த வேகத்தில் வெளியேற்றினாலோ, எல்லா இடங்களும் ஒரே வழியில் காப்பாற்றப்படுகின்றன. பாக்டீரியாக்கள் செய்வதும் அதையே. பாஸ்டன் நகரில் தீக்காயப் பிரிவு ஒன்றில், வெள்ளி நைட்ரேட்டுக்கும் ஆம்பிசிலினுக்கும் குளோராம்ஃபெனிக்காலுக்கும் ஒருசேர எதிர்ப்புக் கொண்ட சால்மோனெல்லா பரவியதை 1975ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழ் பதிவு செய்துள்ளது. அதன் பிளாஸ்மிடில், அதாவது குரோமோசோமுக்குப் புறம்பான தனி டி.என்.ஏ. வளையத்தில், இருந்த சில் எனப்படும் மரபணுத் தொகுதி 1999இல் விரிவாக ஆராயப்பட்டது. அதில் ஒரு புரதம் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் அயனியைப் பற்றிக்கொள்கிறது. மற்றவற்றில் பல வெளியேற்றும் பம்புகளாக இயங்குகின்றன. பிளாஸ்மிட் இல்லாத ஈ. கோலையும் வழியற்றுப் போவதில்லை. போரின் துளைகளை இழந்தும், தாமிரத்தை வெளியேற்றுவதற்காகத் தன்னிடம் ஏற்கெனவே உள்ள பம்பை நிரந்தரமாக இயக்கியும் வெள்ளியை அது சமாளிக்கக்கூடியது.

இவை அயனிக்கான எதிர்ப்பு, துகளுக்கானது அல்ல என்று வாதிடுவோரும் உண்டு. அவர்களுக்கு 2018இல் விடை கிடைத்தது. ஈ. கோலையையும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவையும் வெள்ளி நானோ துகள்கள் சிறிதளவு கலந்த ஊடகத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்தபோது, அவை கசையிழையின் புரதமான ஃபிளஜெல்லினை மிகுதியாகச் சுரந்து, துகள்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்தன. திரண்ட துகளுக்கு மேற்பரப்பு குறைவு, ஆற்றலும் குறைவு. இதற்கு மரபணு மாற்றம்கூடத் தேவைப்படவில்லை என்பதுதான் இங்குக் கவனிக்க வேண்டியது. மாதுளைத் தோல் சாறு ஃபிளஜெல்லின் உற்பத்தியைத் தடுத்து இந்த எதிர்ப்பைக் குலைத்தது என்றும் அதே ஆய்வு கூறுகிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவில் ஆய்வகத்தில் வெள்ளி எதிர்ப்பைத் தோற்றுவிக்க முயன்றவர்களுக்கு அது எளிதில் கைகூடவில்லை. ஆகவே "எதிர்ப்பு வராது" என்றும் "எங்கும் வந்துவிடும்" என்றும் பொதுவாக எழுதாமல், எந்த இனம், எந்த வழிமுறை என்று பிரித்து எழுதுங்கள்.

பதில்: வார்டு மருத்துவர்

ஊசி மருந்தாக ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு நான் விடையளிக்கிறேன்.

ஆய்வகக் குழம்பும் (பாக்டீரியாவை வளர்க்கும் திரவ ஊடகம்) இரத்தமும் முற்றிலும் வேறான ஊடகங்கள். இரத்த நீர்மத்தில் குளோரைடின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல். வெள்ளி குளோரைடின் கரைதிறன் பெருக்கத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்தச் சூழலில் தனித்து நிற்கக்கூடிய வெள்ளி அயனி லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. பாக்டீரியாவைத் தடுக்கக் குழம்பில் தேவைப்படுவதோ லிட்டருக்குச் சில மில்லிகிராம். இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு. எஞ்சியதையும் ஆல்புமின் போன்ற புரதங்களின் தயோல் தொகுதிகள் பிணைத்துக்கொள்கின்றன. துகளின் நிலையும் இதுதான்: இரத்தத்தில் கலந்தவுடன் புரதங்கள் அதன்மேல் படிந்து ஓர் உறையாகின்றன, அந்த உறையை அடையாளம் கண்டுகொள்ளும் விழுங்கு செல்கள் பெரும்பகுதியைக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. தொற்று நுரையீரலில் இருக்க, மருந்து கல்லீரலில் தங்கினால் நோயாளிக்கு என்ன பயன்? தயோல் தொகுதிகள் பாக்டீரியாவுக்கு மட்டும் உரியவையல்ல என்பதையும் மறக்கலாகாது. பெனிசிலினைப் பாதுகாப்பானதாக ஆக்கியது, அது தாக்கும் செல் சுவர் நம் செல்களில் இல்லாமையே. வெள்ளிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. நெடுநாள் வெள்ளியை உட்கொண்டவர்களின் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறி, அந்நிறம் பெரும்பாலும் நிலைத்துவிடுவதும் அறிந்ததே.

இதனால் வெள்ளி பயனற்றது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. அது பயன்படும் இடம் உடலின் மேற்பரப்பும் கருவிகளின் மேற்பரப்பும் ஆகும். 1960களிலிருந்து வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பு தீக்காயங்களுக்குப் பூசப்பட்டு வருகிறது. செயற்கைச் சுவாசத்துக்கான மூச்சுக்குழாய்க் குழலில் வெள்ளி பூசிப் பார்த்த பெரிய சோதனை 2008இல் வெளியானது. இருபத்துநான்கு மணி நேரமோ அதற்கு மேலோ குழல் பொருத்தப்பட்டிருந்தவர்களில், சாதாரணக் குழல் பிரிவில் 7.5 விழுக்காட்டினருக்கும் வெள்ளிக் குழல் பிரிவில் 4.8 விழுக்காட்டினருக்கும் நிமோனியா உண்டானது. ஆனால் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தென்படவில்லை. முதல் செய்தியை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாவதை விட்டுவிடும் கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று: நானோ மருந்து என்றால் உலோகத் துகள் என்றே மாணவர்கள் எண்ணுகிறார்கள். உரிமம் பெற்று நோயாளியைச் சென்றடைந்தது பெரும்பாலும் கொழுப்புக் குமிழ்தான். அமிக்காசின் என்ற பழைய மருந்தைச் சில நூறு நானோமீட்டர் அளவுள்ள லிப்போசோமுக்குள் அடைத்து மூச்சுவழி செலுத்தும் வடிவம், பிற சிகிச்சைக்கு இணங்காத ஒருவகை மைக்கோபாக்டீரிய நுரையீரல் நோய்க்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வழக்கமான சிகிச்சையுடன் அதைச் சேர்த்துப் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரின் சளி ஆறாம் மாதத்துக்குள் கிருமியற்றதாயிற்று. சேர்க்காதவர்களில் அது 9 விழுக்காடே. இங்கே துகள் கிருமியைக் கொல்வதில்லை. கொல்லும் மருந்தை, கிருமி ஒளிந்திருக்கும் விழுங்கு செல்லுக்குள்ளேயே கொண்டுசேர்க்கிறது. வெள்ளித் துகளுக்குத் தடையாக இருந்த அதே விழுங்கு செல் இங்கே வழியாகிறது. எனக்கு இந்தத் திசையில்தான் நம்பிக்கை மிகுதி.

பதில்: பொருளறிவியல்

முன்னிரு பதில்களும் சரியானவையே. எனினும் நானோ பொருள் என்பதை வெள்ளியோடு சுருக்கிவிட்டதால், எதிர்ப்பு பற்றிய முடிவும் சற்றுப் பொதுப்படையாகிவிட்டது என்று கருதுகிறேன்.

வேதிப்பொருள் எதையும் வெளியிடாமல், வடிவத்தால் மட்டும் கொல்லும் மேற்பரப்புகள் உண்டு. சில்வண்டு ஒன்றின் சிறகில் சுமார் 200 நானோமீட்டர் உயரத்தில் அடர்ந்து நிற்கும் நுண்தூண்கள், தம்மீது படியும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் சவ்வை இழுத்துக் கிழித்துவிடுவதை 2012இல் கண்டறிந்தார்கள். சிறகின் மேல் மெல்லிய தங்கப் படலம் பூசி, வேதித்தன்மையை மாற்றிய பின்னும் பாக்டீரியாக்கள் இறந்தன. எனவே காரணம் வடிவமே. அடுத்த ஆண்டிலேயே இதை ஒத்த நுண்முட்களைக் கருஞ்சிலிக்கான் மேற்பரப்பில் காட்டினார்கள். இதைப் பம்பு கொண்டு வெளியேற்ற இயலாது. குறைகள் வேறு வகையானவை: தடித்த செல் சுவருடைய கிராம் நேர்ப் பாக்டீரியாக்களை அந்தச் சிறகு அவ்வளவாகப் பாதிப்பதில்லை; இறந்த செல்களின் எச்சம் தூண்களை மூடிவிட்டால் மேற்பரப்பு பயனிழக்கிறது; பெரிய பரப்பில் சிதையாமல் உருவாக்குவதும் கடினம்.

தங்க நானோ தண்டுகளின் மேல் அகச்சிவப்புக்கு அண்மையிலுள்ள ஒளியைப் பாய்ச்சி, அவற்றைச் சூடாக்கிக் கொல்லும் முறையும் இவ்வகையில் அடங்கும். ஒளி திசுவுக்குள் ஆழமாகச் செல்லாது என்பதால் காயத்துக்கு அது பொருந்தும், எலும்புத் தொற்றுக்குப் பொருந்தாது.

இன்னொரு வழியும் உண்டு. 2013இல் வெளியான ஆய்வில், சிறிதளவு வெள்ளி அயனி கிராம் எதிர்ப் பாக்டீரியாவின் சவ்வைத் தளர்த்தியதால், வழக்கமாக அவற்றுக்குள் நுழைய முடியாத வான்கோமைசின் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகூட அவற்றைக் கொல்லத் தொடங்கியது. வெள்ளியைத் தனி மருந்தாக அல்லாமல், பழைய மருந்துக்குத் துணையாக வைத்து உங்கள் முன்மொழிவை எழுதலாம் என்பது என் கருத்து.

பதில்: முதுகலை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. வான்கோமைசின் பற்றிய கருத்து எனக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. எங்கள் ஆய்வகத்தில் மையவிலக்கி, தட்டு வாசிப்பி, புற ஊதா அளவி ஆகியவை உள்ளன. அயனியை அளக்கும் நிறைமாலைக் கருவி இல்லை. இந்த வசதிகளுக்குள், தடுப்பு வளையத்தைவிட நம்பகமான முறையில் எதைச் செய்யலாம்? இலைச் சாற்றுத் தயாரிப்பை அடியோடு கைவிட வேண்டுமா?

பதில்: வேதிக்கூடம்

வளையத்தைக் கைவிடுங்கள். அகாரில் துகள்கள் சரியாகப் பரவுவதில்லை. நீங்கள் அளப்பது அவற்றிலிருந்து கரைந்து பரவிய அயனியின் எல்லையைத்தான். பெரிய வளையம் தரும் துகள் சிறந்தது என்று கொண்டால், விரைவில் கரைந்து தீர்ந்துபோகும் துகளுக்கே பரிசு கொடுத்ததாகிவிடும். ஆம்பிசிலினின் வளையத்தோடு வெள்ளியின் வளையத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிடுவதற்கு அடிப்படையே இல்லை. அவ்விரு பொருள்களும் அகாரில் பரவும் வேகம் வேறு.

குழம்பில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த செறிவைக் காணுங்கள். ஆனால் கலங்கலை மட்டும் தட்டு வாசிப்பியில் அளந்து நிறுத்திவிடாதீர்கள். வெள்ளித் துகள் தானே ஒளியை உறிஞ்சும், சிதறடிக்கும். திரண்டால் அந்த அளவும் மாறும். சோதனைத் தட்டின் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் (சிறு குழியிலிருந்தும்) எடுத்து அகார் தட்டில் பரப்பி, வளரும் குடியேற்றங்களை (காலனிகளை) எண்ணுவதே பாதுகாப்பு. பரப்புவதற்கு முன் சிஸ்டீன் அல்லது தயோகிளைக்கொலேட் சேர்த்து எஞ்சிய வெள்ளியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இல்லையேல் தட்டிலும் கொல்லுதல் தொடர்ந்து, உண்மையைவிடச் சிறந்த முடிவு கிடைக்கும். முடிவை விழுக்காட்டில் எழுதுவதையும் தவிர்க்கலாம். 99.9 விழுக்காடு இறந்தன என்று படித்தால் எல்லாம் தீர்ந்தது போலத் தோன்றும். பத்து இலட்சம் செல்களில் ஆயிரம் உயிருடன் இருக்கின்றன என்பதே அதன் பொருள். மடக்கைக் குறைவாக (பத்தின் அடுக்குகளில், இங்கே 3 என்று) எழுதினால் அந்த மயக்கம் நேராது.

உங்கள் ஆய்வை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தப்போவது கட்டுப்பாட்டுச் சோதனைகள்தான். துகள் கரைசலை மிக நுண்ணிய வடிகட்டி பொருத்திய குழலில் மையவிலக்கிக்கு உட்படுத்தி, துகளற்ற வடிநீரைத் தனியே சோதியுங்கள். நிறைமாலைக் கருவி இல்லாவிட்டாலும், வடிநீர் எந்த அளவுக்குக் கொல்கிறது என்பதை வெள்ளி நைட்ரேட்டின் செறிவு வரிசையோடு ஒப்பிட்டு, கரைந்த அயனியின் பங்கை ஏறக்குறைய மதிப்பிடலாம். வெள்ளி சேர்க்காத இலைச் சாற்றையும் அதே செறிவில் சோதிக்க வேண்டும், ஏனெனில் சாற்றின் ஃபீனால் சேர்மங்கள் தாமாகவே பாக்டீரியாவைத் தடுக்கக்கூடியவை. இந்தச் சோதனை இல்லாத கட்டுரைகள் ஏராளமாக வெளியாகியுள்ளன. நடுவர்கள் எப்படி அனுமதித்தார்கள் என்று வியந்திருக்கிறேன். சாற்றுத் தயாரிப்பைக் கைவிட வேண்டுமென்பதில்லை. ஆனால் இலையின் பருவத்துக்கேற்பச் சாற்றின் கலவை மாறும், துகளின் அளவும் மேற்பூச்சும் உடன் மாறும். ஆகவே ஒரே தொகுதியை மொத்தமாகத் தயாரித்து அனைத்துச் சோதனைகளுக்கும் பயன்படுத்துங்கள். ஒப்பீட்டுக்காக, சிட்ரேட் மேற்பூச்சு கொண்ட துகளையும் இணையாக வையுங்கள். ஒவ்வொரு சோதனை நாளிலும் 400 நானோமீட்டரை ஒட்டிய ஒளி உறிஞ்சு முகட்டைப் பதிவு செய்தால், துகள்கள் திரண்டுவிட்டனவா என்பது உடனே தெரிந்துவிடும்.

வான்கோமைசின் இணைப்பைச் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கொல்லும் அளவுக்குக் கீழான செறிவில் நானோ துகள்கள் இருந்தால் தீங்கில்லை என்று கருதலாகாது. அலுமினா நானோ துகள்கள், பல மருந்தெதிர்ப்பு மரபணுக்களைத் தாங்கிய பிளாஸ்மிட் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதை 200 மடங்கு வரை கூட்டியதாக 2012ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. சவ்வைத் தளர்த்தும் பொருள் மருந்துக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. பிளாஸ்மிட் தரும் இனம், பெறும் இனம் என இரண்டை உங்கள் குறைந்த செறிவுகளில் ஒன்றாக வளர்த்து, மாற்ற விகிதத்தை எண்ணிப் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரு மருந்துகள் கலந்த தெரிவு அகார் போதும். முன்மொழிவில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குவது நல்லது.

பதில்: வார்டு மருத்துவர்

மேற்கூறியவற்றோடு இரண்டு சேர்க்கைகள். மிதக்கும் செல்களில் மட்டும் சோதித்துவிட்டு, தீராத காயங்களுக்கும் வடிகுழாய்களுக்கும் இது உதவும் என்று எழுத வேண்டாம். அங்கே பாக்டீரியாக்கள் உயிர்ப்படலமாகப் படிந்து வாழ்கின்றன. அதன் பசைப்பொருள் வெள்ளியை வழியிலேயே பிணைத்துக்கொள்கிறது, உள்ளடுக்கில் உறங்கும் செல்கள் வெகு குறைவாகவே பாதிக்கப்படுகின்றன. 24 மணி நேர உயிர்ப்படலத்தில் ஒரு சோதனையும், குழம்பில் மனித ஆல்புமின் சேர்த்து ஒரு சோதனையும் செய்தால் போதும், எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று பார்ப்பீர்கள்.

மற்றது இன்னும் எளிது. உங்களிடம் உள்ள மருந்தெதிர்ப்பு இனங்களில் சில் மரபணு இருக்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே பிசிஆர் முறையில் (குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கிக் கண்டறியும் முறை) பார்த்துவிடுங்கள். மருத்துவமனைகளிலிருந்து பெறப்படும் எண்டெரோபாக்டர், கிளெப்சியெல்லா இனங்களில் அது இருப்பது அரிதல்ல. அம்மரபணு உள்ள இனத்தையும் இல்லாத இனத்தையும் ஒரே அட்டவணையில் கலந்து சராசரி எடுத்தால், உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும்.